ஹீலியத்தை விட்டுவிட்டு எழுதலாமா

தம்பி,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. உன் அப்பா ரயில்வே கூட்ஸ் ஆபீசிலிருந்து திரும்பியதும் இரண்டு பேருமாகப் படித்தோம். படித்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "இது எனக்குத் தெரிஞ்ச பாடம் இல்ல. நீயே எழுது" என்று சொல்லிவிட்டார். ஆகவே இது என் கடிதம் மட்டும்தான். நீ கேட்டது ஒரு வரிக் கேள்வி. ஒரு வரியில் பதில் சொல்ல எனக்கு வரவில்லை. நீளமாகத்தான் போகும், பொறுத்துக்கொள்.

முதலில், நீ எழுதியதை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பார். சூரியனில் நடப்பதை ஒரு கலத்துக்குள் நடத்திக் காட்டவேண்டும் என்று உலகத்தில் சிலர் முயன்றுகொண்டிருக்கிறார்கள். ஹைட்ரஜன் அணுக்கள் சேர்ந்து ஹீலியமாகும், அதிலிருந்து வெப்பம் கிடைக்கும் என்பது அவர்கள் கணக்கு. அப்படி ஒரு கலம் வந்தால் அதன் உட்சுவரில் ஹைட்ரஜனும் ஹீலியமும் ஓயாமல் வந்து மோதும். எந்த உலோகம் அதைத் தாங்கும்? உலோகங்களில் எல்லாவற்றுக்கும் கடைசியாக உருகுவது டங்ஸ்டன், நம் வீட்டு பல்புக்குள் இருக்கிற இழை. அதனால் உன் பேராசிரியர் டங்ஸ்டன் தகடுகளைக் கொடுத்து, இந்த வாயுக்களை அவற்றின்மேல் பாய்ச்சி என்ன ஆகிறதென்று பார்க்கச் சொன்னார். நீ மூன்று விதமாகப் பார்த்தாய். ஹைட்ரஜன் மட்டும் பாய்ந்த தகட்டைச் சூடாக்கினால் வாயு வெளியேறிவிடுகிறது, தகடு ஏறக்குறையப் பழையபடி ஆகிறது. ஹீலியம் பாய்ந்த தகட்டில் அப்படி நடக்கவில்லை. வாயு உள்ளேயே சின்னச் சின்னக் குமிழிகளாகக் கூடுகிறது. நன்றாகச் சூடாக்கினால் குமிழிகள் இன்னும் பெரிதாகின்றன, மேல்பரப்பு கொப்புளித்து உரிகிறது. இரண்டும் பாய்ந்த தகட்டில், தனியாக இருந்தால் போயிருக்கக்கூடிய ஹைட்ரஜனும் அந்தக் குமிழிகளை ஒட்டி நின்றுவிடுவதுபோல் உனக்குத் தோன்றுகிறது. "தோன்றுகிறது" என்பது உன் சொல். அந்தச் சொல்லைப் போட்டதற்காக உன்னைப் பாராட்டுகிறேன்.

இந்தத் தோற்றம் உண்மைதானா என்று பார்க்க இன்னும் ஒரு வருடம் வேண்டும். உன் பேராசிரியரோ, ஹைட்ரஜன் பகுதி ஒன்றே பட்டத்துக்குப் போதும், ஹீலியத்தை அடுத்து வருகிறவன் பார்த்துக்கொள்வான், எழுதி முடி என்கிறார். எழுதி முடித்தால் தை மாதம் இங்கே உன் கல்யாணம், பிறகு பம்பாயில் வேலை. முடிக்காவிட்டால் உதவித்தொகை நின்றுவிடும், கல்யாணமும் தள்ளிப்போகும், பெண் வீட்டு வத்தலக்குண்டுக்காரர்கள் அதுவரை பொறுப்பார்களா என்பதும் தெரியாது. ஹீலியத்தை விட்டுவிட்டு எழுதலாமா, அம்மா? இதுதானே கேள்வி?

உன் பேராசிரியர் சொல்வதில் பொய் எதுவும் இல்லை. அதை முதலில் சொல்லிவிட வேண்டும். பாதி வேலையைப் பாதி என்று சொல்லி எழுதுவது எல்லா இடத்திலும் நடக்கிறதுதான். ஆனால் உன் முடிவுரையின் நகலையும் கூடவே அனுப்பியிருக்கிறாயே, அதன் கடைசி வாக்கியத்தில்தான் என் கண் நின்றது. "மோதலால் ஏற்படும் சேதத்தை டங்ஸ்டன் சூட்டினால் சரிசெய்துகொள்ளும் என்று கருதலாம்." அதில் ஹைட்ரஜன் என்ற சொல்கூட இல்லை. சுவர் கட்டப்போகிறவன் உன் புத்தகம் முழுவதையும் படிக்க மாட்டான், அந்த ஒரு வாக்கியத்தைத்தான் எடுத்துக்கொள்வான். அப்படி ஒரு கலம் என் ஆயுளுக்குள் ஒரு விளக்கையாவது எரிக்கும் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை, அது வேறு. யாரோ ஒருவன் கட்டத்தான் போகிறான்.

உலோகத்துக்குள் வாயு புகுந்த கதை ஒன்று நம் வீட்டிலேயே நடந்தது. அப்போது நீ மதுரையில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாய். உன்னிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். உன் பெரியப்பாவுக்கு அதைப் பேசப் பிடிக்காது.

பெரியப்பாவின் பூட்டுப் பட்டறைக்குத் தூத்துக்குடியிலிருந்து ஒரு கிடங்குக்காரர் ஆர்டர் கொடுத்திருந்தார். கடல் காற்றில் துருப்பிடிக்காத பூட்டு வேண்டும் என்பது அவர் நிபந்தனை. பெரியப்பா யோசித்து, பூட்டின் வெளிப்பாகத்துக்கு மட்டுமில்லாமல் உள்ளே இருக்கும் இரும்புச் சாமான்களுக்கும் நிக்கல் முலாம் போட ஏற்பாடு செய்தார். பூட்டின் நாக்கை அழுத்திப் பிடிக்கிற ஸ்பிரிங் தகடும் அதில் சேர்ந்தது. பூட்டுகள் பளபளவென்று போயின. மாதம் திரும்புவதற்குள் கிடங்குக்காரர் ஆளையே அனுப்பிவிட்டார். பூட்டிவிட்டுப் போனால் மறுநாள் பூட்டு தொங்குகிறது, ஆனால் பக்கத்தில் ஒரு தட்டு தட்டினால் திறந்துகொள்கிறது. உள்ளே ஸ்பிரிங் இரண்டாக முறிந்து கிடக்கிறது. எல்லாப் பூட்டும் அப்படி இல்லை, ஆனால் எது அப்படி என்று சொல்லவும் முடியவில்லை. அந்த ஆர்டர் போனால் பட்டறையைப் பாதியாகச் சுருக்கவேண்டிய நிலை.

ஸ்பிரிங் தகடு வாங்குவது பேகம்பூர் காதர் ராவுத்தரிடம். இரும்பு வியாபாரி. அவரும் பெரியப்பாவும் சிறு வயதிலிருந்து பழக்கம். அவர் இவரை "மாப்ளே" என்பார், இவர் அவரை "மாமா" என்பார். நம் வீட்டுக் கல்யாணங்களில் பந்தி விசாரிக்கிற உரிமை அவருக்கு உண்டு. தூத்துக்குடி ஆள் வந்து போன அன்று பெரியப்பா நேராக ராவுத்தர் கடைக்குப் போய், கடைவீதி கேட்க, "என்ன பாய், இம்புட்டு மட்டமான தகட்ட என் தலையில கட்டிப்பிட்டீக?" என்று கேட்டார். உடன் போன உன் அப்பா வந்து சொன்னார்: தகட்டைப் பற்றிச் சொன்னதற்கு ராவுத்தர் முகம் மாறவில்லையாம். "பாய்" என்று கூப்பிட்டதற்குத்தான் மாறியதாம்.

நான் கல்லூரியில் வேதியியல் நடத்துகிறவள். பட்டறை விஷயத்தில் தலையிடுகிற வழக்கம் இல்லை. ஆனால் ராவுத்தர் ஒருநாள் நம் வீட்டுக்கே வந்தார். உள்ளே வரச் சொன்னேன். வாசலிலேயே நின்றார். "டீச்சரம்மா, அதே தகட்டத்தான் இரும்புப் பெட்டி அடிக்கிறவுகளுக்கும் குடுத்திருக்கேன். ஒருத்தரும் வந்து ஒரு சொல் சொல்லல. இப்ப மாப்ள பேச்சக் கேட்டு அவுகளும் வேற கடைக்குப் போறாக. நீங்க படிச்சவுக. தகடு கெட்டதுன்னா கெட்டதுன்னு சொல்லிருங்க, ஒத்துக்கிறேன்." பையிலிருந்து ஒரு தகட்டை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

வளைத்துப் பார்த்தேன். நன்றாக வளைந்து நிமிர்ந்தது. முலாம் போட்ட தகட்டைப் பட்டறையில் வாங்கி வளைத்தேன். அதுவும் வளைந்தது. அப்படியானால் முறிவது எப்போது? பெரியப்பாவிடம், பூட்டை எப்படிச் சோதிக்கிறீர்கள் என்று கேட்டேன். அவருக்குக் கோபம் வந்தது. "எப்படின்னா? பூட்டிப் பாத்து, இழுத்துப் பாத்து, திறந்து மாட்டுவோம். எங்கப்பன் காலத்துல இருந்து அப்படித்தான்." திறந்துதான் மாட்டவேண்டுமா? "பின்ன? பட்டறைக்குள்ள பூட்டுன பூட்டு தொங்கலாமா? யாவாரத்தயே பூட்டுன மாதிரில்ல? வாங்குறவன் வாசல்லதான் அது மொதமொத பூட்டி நிக்கணும்." நீயும் அங்கே பார்த்திருப்பாய், ஆணிகளில் தொங்குகிற பூட்டுகள் எல்லாம் வாயைத் திறந்துகொண்டுதான் தொங்கும். அது அந்தப் பட்டறையின் சாஸ்திரம். அந்தப் பூட்டில் திறந்திருக்கும்போது ஸ்பிரிங் தளர்ந்து கிடக்கும். பூட்டியிருக்கும்போதுதான் வளைந்து நிற்கும். பட்டறையில் எந்த ஸ்பிரிங்கும் சில நொடிக்கு மேல் வளைந்து நின்றதே கிடையாது.

முலாம் போட்ட பூட்டுகள் சிலவற்றையும் போடாதவை சிலவற்றையும் கேட்டேன். "எதுக்குத்தா?" என்றார். வீட்டில் பூட்டி வைக்கப்போகிறேன் என்றேன். "உன் வீட்டுல நீ எத வேணா பூட்டு. என் பட்டறையில வேணாம்" என்று கொடுத்தார். சமையலறை ஜன்னல் கம்பியில் வரிசையாகப் பூட்டிவிட்டேன். மறுநாள் காலை இட்லிக்கு மாவு ஊற்றிக்கொண்டே ஒவ்வொன்றாகக் கரண்டிக் காம்பால் தட்டிப் பார்த்தேன். முலாம் போட்டதில் ஒன்று திறந்துகொண்டது. மாலையில் இன்னொன்று. முலாம் போடாத ஒன்றும் திறக்கவில்லை. தகடு ஒரே தகடு, ராவுத்தரின் தகடு.

பிறகு காரணம் தேடுவது சுலபமாக இருந்தது. முலாம் போடுவதற்கு முன் துருப் போக இரும்பை அமிலத்தில் முக்குகிறார்கள். அமிலம் பட்டால் இரும்பின்மேல் ஹைட்ரஜன் கிளம்பும். பெரும்பகுதி குமிழியாகப் போய்விடும், கொஞ்சம் இரும்புக்குள் நுழைந்துவிடும். முலாம் போடுகிற தொட்டியிலும் இதே கதை. அதற்குமேல் நிக்கல் மூடிக்கொண்டால் வெளியே வர வழி அடைபடுகிறது. கெட்டியான எஃகை அந்த வாயு நொறுங்குகிற பண்டமாக்கிவிடும், ஆனால் உடனே தெரியாது. தகட்டை வளைத்து நிறுத்தி வைத்தால், வளைந்த இடத்தில் மெல்ல மெல்லக் கூடி, பிறகு முறிக்கும். புத்தகத்தில் படித்திருந்தேன். நம் ஊர்ப் பூட்டுக்குள் இருக்கும் என்று நினைத்ததில்லை.

இதைப் பெரியப்பாவிடம் சொன்னபோது ராவுத்தரையும் வரச் சொல்லியிருந்தேன். இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்கள். "அப்ப இரும்புக்குள்ள காத்து போயிருச்சுங்கிற" என்றார் பெரியப்பா. "இரும்பு என்ன பலூனாத்தா?" நான் விளக்கினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சரி, போன காத்த எப்படி வெளியேத்துறது? அதச் சொல்லு, படிச்ச தாயி" என்றார். சூடாக்கினால் போகலாம், ஆனால் அளவாகச் சூடாக்கவேண்டும், கூடிப்போனால் ஸ்பிரிங்கின் முறுக்கே போய்விடும் என்றேன். காகிதம் கருகாமல் பழுப்பேறுகிற அளவுச் சூடு, பல மணி நேரம் விடாமல் வேண்டும். பட்டறை உலையில் அது முடியாது. ராவுத்தர்தான் முதல்முறையாக வாய் திறந்தார். "எங்க மச்சான் ரொட்டிக்கடை அடுப்பு அப்படித்தான் இருக்கும். பன்னு எடுத்தப்புறம் அடுப்பு அடங்க நெடுநேரம் ஆகும். ரஸ்க்கு அதுலதான் காயுது." பெரியப்பா கூரையைப் பார்த்துக்கொண்டு, "ரஸ்க்கோட ஸ்பிரிங்கயும் காய வைக்கிறதா?" என்றார். "பல்லு இருக்கிறவுக ரெண்டையும் கடிச்சுப் பாத்துக்கிறட்டும்" என்றார் ராவுத்தர். அன்றைக்குச் சிரித்தது அந்த ஒரு தரம்தான்.

முதல் தடவை பலிக்கவில்லை. காய வைத்தவையும் முறிந்தன. எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. முலாம் போட்டு நாள் கடந்த தகடுகளை நான் அடுப்புக்கு அனுப்பியிருந்தேன், அதற்குள் உள்ளே கீறல் விழுந்திருக்கவேண்டும். முலாம் தொட்டியிலிருந்து எடுத்த கையோடு கழுவி அடுப்புக்குக் கொண்டுபோனால் சரியாக வந்தது. சைக்கிளில் தட்டுத் தட்டாக ஸ்பிரிங்குகள் பேகம்பூர் ரொட்டிக்கடைக்குப் போயின. ரொட்டிக்கடைக்காரர், "எம் பன்னெல்லாம் ஆசிட் வாடை அடிக்குதுங்கிறாக, இனிமே பன்னுக்கும் முலாம் போட்டுக் குடுத்துருங்க" என்று புலம்பினார். தூத்துக்குடிக்காரர் ஆர்டரைத் திரும்பக் கொடுத்தார். பட்டறையில் அப்போதும் பூட்டிய பூட்டைத் தொங்கவிட அனுமதி இல்லை. சோதனை எல்லாம் நம் சமையலறையில்தான். விடுமுறைக்கு வந்தபோது ஜன்னல் முழுக்கப் பூட்டாக இருந்ததைப் பார்த்து, திருடன் பயமா என்று கேட்டாயே, அது இதுதான்.

இதுவரை நல்லபடியாக முடிந்த கதை. நான் உனக்கு எழுத நினைத்தது இதற்கு அடுத்த பகுதி. தகடு மட்டம் என்று கடைவீதியில் சொன்னதைப் பெரியப்பா திரும்பப் போய் அங்கேயே மறுத்துச் சொன்னார். அந்த நேர்மை அவரிடம் இருந்தது. ஆனால் முதல் பேச்சைக் கேட்டவர்கள் வேறு, இரண்டாவது பேச்சைக் கேட்டவர்கள் வேறு. பெட்டிக்காரர்களில் பாதிப் பேர் திரும்பி வரவில்லை. வேடசந்தூர்ப் பக்கம் போன வருடம்கூட ஒருவர் என்னிடம், "ராவுத்தர் கடைத் தகடா, அது முறியுமாமேம்மா" என்றார். "மாமா" என்ற சொல்லும் திரும்பவில்லை. பெரியப்பா கூச்சத்தில் சொல்லவில்லை, ராவுத்தர் கேட்கவில்லை. இருவரும் இன்றைக்கும் கொடுக்கல் வாங்கல் வைத்திருக்கிறார்கள், மரியாதையாக "வாங்க", "போங்க" என்று பேசிக்கொள்கிறார்கள். இதை ஹீலியத்தோடு ஒப்பிட்டு அழகாக எதுவும் எழுதி அனுப்பிவிடாதே. மனிதர்கள் டங்ஸ்டன் இல்லை. நான் சொல்வது சாதாரண விஷயம். சோதிக்காத பாதியை இல்லாததுபோல வைத்துக்கொண்டு ஒரு முடிவைச் சொல்லிவிட்டால், பிறகு திருத்தினாலும் திருத்தம் அந்த முடிவு போன இடத்துக்கெல்லாம் போய்ச் சேராது. உன் கலத்துக்குள் ஹைட்ரஜன் மட்டும் தனியாக இருக்கப்போவதில்லை. ஹைட்ரஜன் எரிந்தால் சாம்பலாக மிஞ்சுவதே ஹீலியம்தான். அது இல்லாத டங்ஸ்டனைச் சோதிப்பது, பூட்டைத் திறந்தே வைத்துச் சோதிப்பதுதான்.

ஆகவே ஆய்வைப் பற்றி என் பதில்: விட்டுவிட்டு எழுதாதே. பேராசிரியர் சம்மதிக்காமல் ஹைட்ரஜனோடு முடிக்கவேண்டி வந்தால், கடைசி வாக்கியத்தை மாற்று. "ஹைட்ரஜன் மட்டும் என்றால்" என்று தொடங்கு. ஹீலியத்தில் நீ பார்த்த கொப்புளங்களை ஒரு பக்கமாவது எழுது. அதற்கும் அவர் ஒப்பவில்லை என்றால் அப்போது எனக்கு எழுது, யோசிப்போம்.

ஆனால் இந்தப் பதிலால் உனக்கு என்ன செலவாகும் என்று தெரியாமல் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதனால் ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி வத்தலக்குண்டுக்குப் போனேன். தாம்பூலம் மாற்றிய வீடு. முன்தகவல் இல்லாமல் போனதால் சரோஜாவின் அப்பா வாழைக்காய் மண்டியிலிருந்து வேர்த்துக்கொண்டு ஓடி வந்தார். நீ இன்னும் எதையும் தீர்மானிக்கவில்லை என்பதையும், ஒரு வருடம் தள்ளிப்போகக்கூடும் என்பதையும் மறைக்காமல் சொன்னேன். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "எனக்கு இதுக்கடுத்தும் ரெண்டு பொண்ணு இருக்குங்கம்மா. ஊர் வாய மூட ஏலாது. சித்திரை வரைக்கும் பாக்கேன். அதுக்கு மேல நான் வேற இடம் பாத்தேன்னா நீங்க வருத்தப்படக்கூடாது." நியாயமாகத்தான் பேசினார். வருத்தப்பட மாட்டேன் என்று சொன்னேன். அதில் பாதிதான் உண்மை.

சரோஜா பள்ளிக்கூட நோட்டுகளைத் திருத்திக்கொண்டு உள்ளே இருந்தவள், காபி கொண்டுவந்தாள். அப்பா மண்டிக்குத் திரும்பிய பிறகு என் எதிரில் உட்கார்ந்து, "அத்தே, அவுக என்னதான் செய்யிறாக அங்க?" என்று கேட்டாள். சொன்னேன். உலோகத்தில் வாயு புகுவதை, சூட்டில் ஒன்று போவதை, மற்றது போகாததை. நான் கல்லூரியில் சொன்னால் தூங்குகிற விஷயத்தை அவள் தூங்காமல் கேட்டாள். "அப்ப, போகாதத எழுதாம விட்டுட்டு, போறத மட்டும் எழுதிட்டு வந்தா தையில கல்யாணம். அதுதானே?" என்றாள். அதுதான் என்றேன். டம்ளரைத் தள்ளி வைத்தாள். பிறகு சொன்னாள்: "பாதி வேலைய விட்டுட்டு எனக்காக வந்தேன்னு நாளைக்கு ஒரு சொல் வந்துச்சுன்னா, அந்தப் பாதிக்கு ஆயுசுக்கும் நான்ல அத்தே பதில் சொல்லணும்?"

நீ அப்படிச் சொல்கிறவன் இல்லை என்று சொல்லியிருக்கலாம். வேறு எந்தத் தாயும் சொல்லியிருப்பாள். ஆனால் நீ அப்படிப்பட்ட நெருக்கடியில் நின்று நான் பார்த்ததில்லை, பார்க்காததை எப்படி உறுதி சொல்வது? "அவன்கிட்டயே கேளு" என்றேன். "நானா எழுதிக் கேக்க முடியும்?" என்றாள். முகம் சிவந்துவிட்டது. அதோடு நோட்டுகளை எடுத்துக்கொண்டாள். நானும் பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டேன்.

காத்திருப்பதாக அவள் சொல்லவில்லை. காத்திருப்பாயா என்று நானும் கேட்கவில்லை. அது நான் கேட்கவேண்டிய கேள்வி இல்லை. அவளுடைய பள்ளிக்கூட விலாசத்தைத் தனித்தாளில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். வீட்டுக்கு எழுதினால் அவள் அப்பா பிரிப்பார். பேராசிரியருக்குப் பதில் சொல்வதற்கு முன்னால் அவளுக்கு எழுது. என்ன செய்யப்போகிறாய் என்பதோடு நிறுத்தாமல், ஏன் என்பதையும் எழுது. எனக்கு எழுதியதுபோல அவளுக்கும் டங்ஸ்டனிலிருந்தே தொடங்கலாம். அவளுக்குப் புரியும்.

அம்மா